மாடிப்படி உருளைக்கிழங்கு

கணவனின் அண்ணன் பெயிண்ட் வாளியைத் தூக்கி மாடிப்படிச் சுவருக்கு வெளியே வீசப் போனபோது, அவள் ஓடிவந்து அதன் விளிம்பைப் பிடித்துவிட்டாள். வாளி நிறைய மண். மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கு உருளைக்கிழங்குச் செடி. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலே வீட்டுக்குள் அவளுடைய கணவன் போர்த்திக் கிடந்தான். காலையில் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவேயில்லை.

அவனைக் கொண்டுபோகக் கீழே வண்டி வந்துவிட்டது. ஆனால் படிக்கு ஒன்றாக மூன்றாம் மாடி வரைக்கும் வாளிகள். ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாது. அவன் பெயிண்டர். வேலை முடிந்த வீடுகளிலிருந்து காலி வாளியைக் கொண்டுவந்து, கழுவி, அடியில் ஓட்டை போட்டு, முளைவிட்ட கிழங்கைப் புதைத்துவிடுவான். அந்தக் கட்டடத்தில் வெயில் விழும் இடம் படிக்கட்டு மட்டும்தான். வீட்டுக்காரம்மா மாதம் தவறாமல் வந்து சண்டை போடுவாள். அவனும் மாதம் தவறாமல் "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு இன்னொரு வாளியை வைப்பான். அந்தத் திமிர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

செடி வளர வளர, தண்டு மூடும்படி மண் அணைத்துக்கொண்டே வர வேண்டும். நேற்று சாயங்காலம்தான் இருவரும் அணைத்தார்கள். இப்போது கவிழ்த்தால், உள்ளே பட்டாணி அளவில் பிடித்திருக்கும் பிஞ்சுக் கிழங்கெல்லாம் அறுந்துபோகும்.

அண்ணனுக்கும் துக்கம்தான்; அது கோபமாக வந்தது. போனவனைவிடச் செடி பெரிசாகிவிட்டதா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். அவள் கையை எடுக்கவில்லை.

"பேசட்டும் மாமா. அவரு போறதுக்கு வழி வேணும், அவ்வளவுதானே? ஆளுக்கு ஒண்ணா உள்ள கொண்டுபோய் வைங்க. சாய்க்காம தூக்குங்க."

படியடியில் கூடி நின்றவர்கள் யாரும் நகரவில்லை. அவளே முதல் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். இப்போது அழுதால் வாளியோடு உருள வேண்டியதுதான் என்று அடுத்த படியில் காலை வைத்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவனோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு வாளியோடு வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் அண்ணனும் வந்தார், தூங்கும் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி. கட்டிலடி, சமையலறை, குளியலறை வாசல் என்று வீடே வாளியாக நிறைந்தது.

ஒன்றுக்கு மட்டும் இடமில்லை. அதை யாரோ, துக்கம் கேட்க வந்திருந்த வீட்டுக்காரம்மா கையில் திணித்துவிட்டார்கள். அந்த அம்மாள் வாளியைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க, அவனை அந்த வழியாக இறக்கிக்கொண்டு போனார்கள்.

வண்டியில் ஏற்றியதும் அண்ணன் கீழேயிருந்து அவளைக் கூப்பிட்டார். அவள் இறங்கி வந்தபோது, இன்னும் வாளியோடு அங்கேயே நின்றிருந்த வீட்டுக்காரம்மா அவளிடம் கேட்டாள்.

"இத எங்கம்மா வைக்கறது?"

"எடுத்த எடத்துல."

அந்த அம்மாள் குனிந்து, வாளியைப் பழைய படியிலேயே வைத்து, செடியை வெயில் பக்கமாகத் திருப்பினாள்.