செல்வராணியின் தெத்துப்பல்

என் மனைவி செல்வராணியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்கள். அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என் பழைய கைப்பேசியில். யாருடைய கல்யாணத்திலோ அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. சிம்பாங் ரெங்கம் பட்டணத்து ஸ்டூடியோவில் அதைக் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். கடைக்காரர் நல்ல மனசுக்காரர். செத்துப்போன மனுஷிக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, கணினியில் அவள் பல்லை வரிசையாக்கிவிட்டார்.

வந்தவர்கள் எல்லாரும் அம்மன் மாதிரி இருக்கிறாள் என்றார்கள். எனக்கு அது வேறு யாரோ ஒரு பொம்பளை. கைப்பேசியும் அடுத்த மழையில் நனைந்து கெட்டுப்போனது.

அப்புறம் அவள் சிரிப்பு மிச்சம் இருந்தது மகள் லோஷினியின் முகத்தில் மட்டும்தான். இடது பக்கம் மேலே, அம்மாவுக்கு இருந்த அதே இடத்தில் அதே தெத்துப்பல். நாள் முழுக்க எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலையை லாரியில் ஏற்றிவிட்டு இடுப்பு ஒடிந்து வீட்டுக்கு வருவேன். எதையாவது பார்த்து அவள் சிரிப்பாள். உதடு அந்தப் பல்லில் மாட்டி ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடிக்கு செல்வராணி வீட்டில் இருப்பாள்.

போன மாதம் சோறு போடும்போது லோஷினி சொன்னாள்.

“அப்பா, பல்லுக்கு கம்பி போடப் போறேன். குளுவாங்கு டவுன்ல ஒரு கிளினிக் இருக்கு.”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு.”

“உங்களுக்கு நல்லா இருக்கும். நீங்க என்ன, என்னப் போல மருந்துக்கட கவுண்டர்லயா ஒக்காந்திருக்கீங்க?”

“அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”

“அதான் அம்மாவுக்குப் படத்துல சரி பண்ணிட்டாங்களே.”

அவள் குரலை இறக்கிக்கொண்டு, “நீங்க வேணாம்னு சொன்னா போகலப்பா,” என்றாள்.

வேண்டாம் என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்து நின்றது. தண்ணீரைக் குடித்து விழுங்கினேன்.

அந்தச் சனிக்கிழமை, அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு இடுப்புத் தைலம் வாங்கப் போனேன். வாசலில் கழன்றுபோன செருப்பு வாரை மாட்டிக்கொண்டு நின்ற என்னை அவள் பார்க்கவில்லை. கவுண்டருக்கு முன்னால் இருந்த அம்மாள் ஒருத்தர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். லோஷினியின் கண் சிரித்தது. உதட்டை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாமான் பையை நீட்டினாள்.

வெளியே வந்த அந்த அம்மாள் கூட வந்தவரிடம் சொன்னார். “பாத்தியா? நம்ம பிள்ளையாச்சேன்னு பேச்சு குடுத்தா, மூஞ்ச தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிது. திமிரு லா.”

திமிர். எஸ்டேட்டு லயத்து வீடுகளில் செல்வராணியையும் இப்படித்தான் சொன்னார்கள். திருவிழாவில் பெண்கள் கூட்டமாய்ச் சிரிக்கும்போது அவள் மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நிற்பாள். மெல்ல மெல்ல அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வீட்டில் மட்டும்தான் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கென்று வைத்திருந்த சிரிப்பு அது என்று எனக்கு ஒரே பெருமை. சிரிப்பதற்கு அவளுக்கு வேறு இடம் இல்லை என்பது அந்த வாசலில் நிற்கும்போதுதான் புரிந்தது.

தைலம் வாங்காமலே திரும்பினேன். சாயங்காலம் லோஷினி வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள், “கிளினிக்கு எப்பம்மா? நானே கூட்டிட்டுப் போறேன்,” என்றேன்.

“நெசமாவாப்பா?” என்று சிரித்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் டாக்டர் இளம் வயது, தமிழ்ப் பிள்ளை. “அந்தப் பல்ல இன்னிக்கே புடுங்கிருவீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல அங்கிள், அது நல்ல பல்லு. அதுக்குப் பின்னால உள்ளத எடுத்துட்டு, இத கம்பியால கொஞ்சம் கொஞ்சமா எறக்குவோம். ரெண்டு வருஷம்கூட ஆகலாம்.”

அப்படியென்றால் பல் எங்கேயும் போகாது. அவள் வாயிலேயே இருக்கும். மாதா மாதம் ஒரு மயிரிழை இறங்கும். உதடு மாட்டுவது குறைந்துகொண்டே வரும். ஒருநாள் மாட்டாது. அது எந்த நாள் என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

“அவசரம் ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றேன். “மெதுவாவே இழுங்க.”

“வலிக்காது அங்கிள், பயப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் விளக்கை இழுத்து நேராக வைத்தார். லோஷினி நாற்காலியில் சாய்ந்து வாயை நன்றாகத் திறந்தாள்.