ராஜா வேலைக்கு வளர்த்த மீசை

அறுபத்து நாலாம் வருஷம் என் வீட்டுக்காரருக்கு ராஜா வேலை கிடைத்தது. செஞ்சிக் கடைத்தெருவில் பருப்பும் புளியும் விற்றுக்கொண்டிருந்த தேவநாதனுக்கு! மெட்ராஸிலிருந்து வந்த தனசேகரன் என்பவர் கோட்டையடியில் அரண்மனை ஓட்டல் கட்டப்போவதாகச் சொன்னார். தங்க வருகிறவர்களைப் பல்லக்கில் தூக்கி வருவார்களாம். சிப்பாய் வேஷத்தில் ஆட்கள் இட்லி பரிமாறுவார்களாம். பிள்ளைகள் வெடித்து விளையாட பொம்மைப் பீரங்கியாம். வாசலில் சிம்மாசனம் போட்டு ஒரு ராஜா உட்கார வேண்டும். கடைக்குப் பொட்டுக்கடலை வாங்க வந்தவர், இவர் மீசையைப் பார்த்து மயங்கிவிட்டார்.

"இன்னும் நல்லா வளத்து முறுக்குங்க. தை மாசம் போட்டோ எடுக்க ஆளோட வர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து கடை என் தலையில், இவர் கண்ணாடி முன்னால். தலைக்கே இல்லாத எண்ணெய் மீசைக்குப் போனது.

மார்கழியில் மாமனார் அரங்கநாதன் படுத்த படுக்கையானார். கஞ்சிகூட இறங்கவில்லை. அப்பா போனால் மூத்த பிள்ளை தலைமுடியோடு மீசையையும் எடுத்தாக வேண்டும். இவருக்கு அந்தக் கவலைதான்.

"நைனா, போட்டோ எடுக்கற வரைக்கும் தாக்குப்புடி நைனா" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். வெட்கங்கெட்ட மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிழவருக்கும் வந்தது. எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "போட்டோ இன்னாடா போட்டோ? ஓட்டலைக் கட்டி, நீ சிம்மாசனத்துல குந்தற வரைக்கும் சாவ மாட்டேன், போடா!" அன்று சாயங்காலமே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

தை வந்தது, தனசேகரன் வரவில்லை. கோட்டைப் பக்கம் எதுவும் கட்டக் கூடாதென்று சர்க்காரில் சொல்லிவிட்டார்களாம், அவர் வேறு ஊரில் இடம் பார்க்கப் போய்விட்டாராம். கடைத்தெரு சும்மா விடுமா? "ராஜா, அரைப்படி துவரம்பருப்பு" என்று கேட்டே இவரைக் கொன்றார்கள். அவமானம் தாங்காமல் முடிவெட்டும் பச்சமுத்துவிடம் போய் மீசையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"உங்க நைனா உசுரோட இருக்கறப்ப நான் கைய வெக்க மாட்டேன்" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்து கூடத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். உள்ளேயிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "இன்னாடா, ஓட்டல் எது வரைக்கும் வந்துருக்குது?"

இவர் கண் கலங்கியிருந்தது. ஓட்டல் இல்லையென்று தெரிந்தால் அப்பா போய்விடுவாரோ என்று பயப்படுகிறார். இந்த முறை மீசைக்காக அல்ல. அதைப் பார்த்ததும் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

அந்த ஓட்டலை ஒரு நாளும் நம்பாதவள் நான். கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றேன்.

"இப்பதான் அஸ்திவாரம் தோண்டறாங்க மாமா. அடியில எல்லாம் பாறை. மெதுவாத்தான் ஆவும்."