சொல்லி முடிக்கட்டும்

ஆபரேட்டரம்மா தன் முகத்தைக் கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தான் பேசுவதை மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தாள். மகளைவிட இளையவள், சிரித்த முகம், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். போன வாரம் கணவனும் மனைவியும் உட்கார்ந்து சும்மா பேசியதைத் தன் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். அதை மேசைமேல் சாய்த்து வைத்து, "நான் எதுவும் சொல்லப்போறதில்லம்மா, நீங்களே பாருங்க" என்றாள்.

படத்தில் லைன்மேன், அதாவது ஆபரேட்டரம்மாவின் கணவர், நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். காலையில் என்ன செய்தீர்கள் என்று டீச்சரின் குரல் கேட்கிறது. அவர் வாயைத் திறக்கிறார். "பார்க்குக்குப் போனோம்" என்கிறாள் பக்கத்தில் இருக்கும் ஆபரேட்டரம்மா. அவர் விரலைத் தூக்குகிறார். "பாதியிலயே மழை, திரும்பிட்டோம்" என்கிறாள். அவர் மறுபடி உதட்டைக் குவிக்கிறார். "குடை கொண்டுபோகல, அதைச் சொல்றார்." அதன்பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு, பெரிய மனுஷத்தனமாக ஒரு சிரிப்புச் சிரித்து, கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். படம் முடிகிறவரை அந்தக் கைகள் எழும்பவே இல்லை.

போன மழைக்காலத்தில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்தவர். கால் திரும்பிவிட்டது, கை ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சுதான் சண்டித்தனம் செய்தது. எதிராளி சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். சொல்ல வேண்டியது உள்ளே தயாராக இருக்கும். அது நாக்குக்கு வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும்.

"நீங்க பக்கத்துல இருந்து எல்லாத்தையும் சொல்லிட்டா, அவர் எதுக்கும்மா கஷ்டப்பட்டுப் பேசணும்? இப்படியே விட்டா முயற்சி பண்றதையே நிறுத்திடுவார்" என்றாள் டீச்சர்.

ஆபரேட்டரம்மா விரல்விட்டு நாள் எண்ணிப் பார்த்தாள். காரணம், வருகிற ஞாயிற்றுக்கிழமை. மகள் வேறு ஊரில் இருக்கிறாள். பெரிய வீடு, கீழேயே ஒரு அறை, இதைவிடப் பெரிய பயிற்சி நிலையம் பக்கத்துத் தெருவில். இங்கே இருக்கிற வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் அங்கே வந்துவிட வேண்டும் என்று மகளுக்கு ஒரே பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை வந்து பேசி முடித்துவிட்டுத்தான் போவேன் என்று போனில் சொல்லியிருந்தாள். அந்தப் போன் வந்தபோது லைன்மேன் பக்கத்தில்தான் இருந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் ஆபரேட்டரம்மா, "அப்பாவுக்கு முழுச் சம்மதம்" என்று சொல்லிப் போனையும் வைத்துவிட்டாள். அவர் திறந்த வாயில் இருந்தது சம்மதம்தானா என்ற சந்தேகம் இப்போதுதான், இந்த ஆறங்குலப் படத்தைப் பார்த்தபிறகுதான், அவளுக்கு வந்தது.

வெளியே காத்திருக்கும் இடத்தில் எல்லா வயதுக்காரர்களும் இருந்தார்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆன ஒரு பெரியவர் காற்றோடு மல்லுக்கட்டிக் குரல் எழுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி, திக்குவாய்க்காரி, போனில் யாருக்கோ எதையோ சொல்லிப் பழகினாள். இன்னும் பேச்சு வராத குழந்தையிடம் வரவேற்பில் இருந்தவர் பெயர் கேட்டார். அதன் அம்மா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பெயரைச் சொன்னாள். அந்த அம்மாவைப் பார்த்து ஒரு முறை முறைக்கலாம் என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தோன்றியது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு முறைப்பது?

ஆபரேட்டரம்மாவும் திக்குவாய்க்காரிதான். இந்த வயதில் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவே. வாலிபத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. திக்குவாய்க்காரிக்கு டெலிபோனில் பேசுகிற உத்தியோகமா என்று கேட்காதவர்கள் கிடையாது. ஆனால் தலையில் ஹெட்போனை மாட்டி, பலகையில் ஒரு சின்ன விளக்கு எரிந்து, கம்பியை எடுத்துச் செருகினால், "நம்பர் ப்ளீஸ்" என்பது தண்ணீர் மாதிரி வரும். "லைன் பிஸி", "கொஞ்சம் இருங்க", "பேசுங்க, வந்துட்டாங்க". எழுதிவைத்த வாக்கியங்கள் அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை. அந்த நீளமான அறையில் வரிசையாக முதுகுகள், கம்பிகள் மாறிமாறிச் செருகப்படும் டக் டக் சத்தம், சூடேறிய பலகையிலிருந்து வரும் அரக்கு வாசனை. எத்தனை பேருடைய பிறப்பும் இறப்பும் அவள் கை வழியாகப் போயிருக்கும்! அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தோள் நிமிர்ந்துவிடும்.

ஹெட்போனைக் கழற்றினால் போச்சு. மற்றவர்கள் பேசுகிற பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால்கூட அவளுக்கு வியர்த்துவிடும், அடுத்தது தன் முறையாக இருக்குமோ என்று. கேண்டீனில் அவளுக்குக் காபிதான் உயிர். ஆனால் "கா" தொண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். பின்னால் வரிசை நிற்கும். கவுன்டர்க்காரர் நல்ல மனிதர், அதுதான் வினை. "டீதானே?" என்பார் பரிவோடு. அவளும் தலையாட்டிவிடுவாள். பிடிக்காத டீயை வருஷக்கணக்கில் குடித்தாள்.

ஒருநாள் அப்படி அவள் நின்றபோது, கவுன்டர்க்காரர் கையில் டீ டம்ளரை எடுத்தும்விட்டார். வரிசையில் அவளுக்குப் பின்னால் இடுப்பில் கருவிப் பட்டையோடு ஒருவர் நின்றார். கம்பத்திலிருந்து அப்போதுதான் இறங்கி வந்தவர் போல உடம்பெல்லாம் தூசி.

"அவங்க இன்னும் சொல்லி முடிக்கலையே, அண்ணே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, சிபாரிசு மாதிரியும் சொல்லவில்லை. மழை இன்னும் விடலையே என்பது போலச் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், உலகத்தில் உள்ள நேரமெல்லாம் தன்னுடையது என்பது போல. ஆபரேட்டரம்மா "கா"விலேயே நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் காபி வந்தது. அன்றைக்கு அவர் முகத்தைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை. காபியைத்தான் பார்த்தாள். அந்த மனிதரையே கட்டிக்கொள்வோம் என்று அப்போது யார் கண்டது! கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் வார்த்தை ஒன்றைக்கூட அவர் எடுத்துக் கொடுத்ததில்லை. சண்டையில்கூட, அவள் திட்டி முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுத்தான் பதிலுக்குத் திட்டுவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு நான் கேண்டீன்காரராகிவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு வலித்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வாயே திறக்கவில்லை. லைன்மேன் அவளை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், உடம்புக்கு என்ன என்பது போல.

வீட்டில் சும்மா இருந்து பார்த்தாள். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கும்போது அவளுக்குப் பழைய வியர்வை வியர்த்தது. அந்த மௌனம் அவருடையதாக இருக்கலாம், அதில் மூச்சுத் திணறியது அவள்தான். பார்த்தாள். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் தன் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். ஒருமுறை அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வந்து நலம் விசாரிக்க, கன்னம் இரண்டும் உப்பிப்போய் நின்ற ஆபரேட்டரம்மா கைஜாடை காட்ட, லைன்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மடக்குத் தண்ணீர் வேலை செய்தது. "உப்பு" என்று ஒருநாள் சொன்னார். "பேன் வேண்டாம்" என்று இன்னொரு நாள்.

ஆனால் மகள் வீட்டு விஷயம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. போகலாமா என்று கேட்டாள், தலையாட்டினார். வேண்டாமா என்று கேட்டாள், அதற்கும் தலையாட்டினார். அப்படித்தான் ஆகும், தலையாட்டலை நம்பாதீர்கள், வார்த்தை வரட்டும் என்று டீச்சர் முன்னமே சொல்லியிருந்தாள். வார்த்தை வரவில்லை. அவரோ ஒவ்வொரு தடவையும் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, எதையோ தொடங்கி, கைவிட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வரும்போதே அட்டைப்பெட்டிகளும் ஒட்டுகிற டேப்பும் கொண்டுவந்தாள். கெட்டிக்காரப் பெண், பாசக்காரி, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அலமாரியைத் திறந்து எதை எடுத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆபரேட்டரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் மகளைக் கூப்பிட்டு அப்பாவுக்கு எதிரே உட்காரவைத்தாள். அன்றைக்குப் போனில் சம்மதம் என்று சொன்னது அப்பா இல்லை, நான்தான், நீயே கேட்டுக்கொள் என்றாள்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, என்கூட வந்து இருக்கீங்களாப்பா?"

லைன்மேன் வாயைத் திறந்தார். உதடு கூடியது, பிரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வந்து, திரும்பி, போயே போய்விட்டது. மகளால் தாங்க முடியவில்லை. படி ஏறவே வேண்டாம்ப்பா, ரூம்ல ஜன்னல் இருக்குப்பா என்று அடுக்கத் தொடங்கினாள். ஆபரேட்டரம்மா அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். தன் வாயில் தண்ணீர்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதைவிட ஆயிரம் டிரங்க் கால் போட்டுவிடலாம் என்றிருந்தது.

"அம்மா..." என்றார் லைன்மேன்.

நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டார். தலையை ஆட்டி, இல்லை, இன்னும் இருக்கிறது என்று ஜாடை காட்டினார்.

"அம்மாவக்... கேட்டியா?"

மகளுக்கு விளங்கவில்லை. "அம்மாதானேப்பா போன்ல சரின்னு சொன்னாங்க?"

அவர் இல்லை என்று கையை அசைத்தார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு மனைவியைக் காட்டினார். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவள் சொன்னது அவருடைய சம்மதம். அவளுடைய சம்மதத்தை மகளும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை நாளும் தொடங்கித் தொடங்கிக் கைவிட்டாரே, அது இதுதான். ஆபரேட்டரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருடைய மனதில் இருப்பதையெல்லாம் அறிந்தவள் என்று கர்வப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனதில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.

மகள் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்கு வர இஷ்டமா?"

ஆபரேட்டரம்மா வாயைத் திறந்தாள். ஹெட்போனும் இல்லை, எழுதிவைத்த வாக்கியமும் இல்லை. முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து அவளும் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எ... எ... எனக்கு இந்த வீட்ட விட்டு வர இஷ்டமில்லம்மா" என்றாள் ஆபரேட்டரம்மா.

"எனக்கும்" என்றார் லைன்மேன், தடங்கலே இல்லாமல்.