கதவுக்கு வெளியே ஒரு பூட்டு

தன் புருஷன் தூக்கத்தில் எழுந்து நடப்பவன் என்பது அம்சாவுக்குத் தெரியும். மாமியார் லட்சுமியம்மாளுக்கும் தெரிந்திருந்தது, ஆனால் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நடக்கிற வேங்கடேசனுக்கே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை, வினையும் அதுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில், கேப்பை புடைக்கிற சாக்கில் லட்சுமியம்மாள் மருமகளைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப்போனாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"இத பாரும்மா, உன் புருசன் ராவுல எழுந்து நடப்பான். கண்ணு தெறந்திருக்கும், ஆளு தூங்கிக்கினு இருப்பான். கூப்புடாத, தட்டாத. கையப் புடிச்சி மெதுவா இட்டாந்து படுக்க வெச்சிடு. விடிஞ்சப்புறம் அவங்கிட்ட மூச்சு வுடக் கூடாது. தான் நடக்கறது தெரிஞ்சிக்கினவன், அப்புறம் ஒரு தடவ நடந்தான்னா திரும்பி வர மாட்டான். எங்க ஆளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

நிஜமா பொய்யா என்று சோதித்துப் பார்க்கிற சங்கதியா இது? அம்சா வாயைத் தைத்துக்கொண்டாள். தினமும் படுக்கும்போது முந்தானை நுனியை அவன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வாள். அவன் எழுந்தால் முந்தானை இழுக்கும், இவளுக்கு விழிப்பு வந்துவிடும். எதற்கு இந்த முடிச்சு என்று அவன் கேட்டபோது பேய் பயம் என்று சொல்லிவைத்தாள். அவன் சும்மா இருப்பானா? கிளியனூர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். ஊரில் அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் நிலைத்துவிட்டது. புருஷன் உயிருக்கு முன்னால் பெயர் என்ன பெரிய பெயர் என்று அவளும் விட்டுவிட்டாள்.

வேங்கடேசனுக்குத் திண்டிவனத்தில், பாண்டிச்சேரி ரோட்டில் பம்புசெட் கடை. அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறுகளில் தண்ணீர் கீழே போகப் போகக் கடையில் வியாபாரம் மேலே போனது. பழைய மோட்டாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய மோட்டார் வாங்காத விவசாயி சுற்றுவட்டாரத்தில் இல்லை. மாவட்டத்திலேயே அதிகம் விற்றவர்களில் இவனும் ஒருவன் என்று கம்பெனி கண்டுபிடித்தது. மெட்ராஸில் கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஹோட்டலில் டீலர்களுக்கு விருந்தும் மீட்டிங்கும். இரண்டு ராத்திரி தங்கல்.

செய்தியைக் கொண்டுவந்தவன் கம்பெனி ஆள் சின்னதுரை. டவுன் டவுனாகச் சுற்றி ஆர்டர் எடுக்கிறவன். வீட்டுக்கே வந்து, ஹோட்டல்காரர்கள் அச்சடித்த வழவழப்பான படப் புத்தகத்தை மேஜையில் விரித்தான்.

"அண்ணே, பிரான்சுல படிச்சிட்டு வந்த இன்ஜினியரு கட்டுனது. மத்த ஹோட்டல் மாதிரி நெனைக்காதீங்க. ஒவ்வொரு ரூமும் ஒவ்வொரு டிசைனு. உங்களுக்கு ஏழாவது மாடி, கடலப் பார்த்த ரூமு. நான் சொல்லி வாங்கியிருக்கேன்."

வேங்கடேசன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அம்சா காபி டம்ளரை வைக்கிற சாக்கில் குனிந்து பார்த்தாள்.

அறைக்குக் கடல் பக்கம் சுவரே இல்லை. முழுக்கக் கண்ணாடி, அதுவும் ஒரு விரலால் தள்ளினால் நகர்கிற கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பால்கனி. பால்கனிக்குக் கம்பி கிடையாது. முழங்கால் உயரத்தில் உட்கார்வதற்கு ஒரு வெள்ளைத் திண்டு ஓடியது, அவ்வளவுதான். அதைத் தாண்டினால் ஆகாயம்.

"கம்பி போடலீங்களா?" என்றாள்.

"கம்பி போட்டா கடலு அழகு கெட்டுடுமாம் அண்ணி," என்றான் சின்னதுரை. "அதான் டிசைனே!"

அழகாம் அழகு! எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ. தரையெங்கும் மெத்தை மாதிரி கம்பளம், அதில் யானை நடந்தாலும் சத்தம் வராது. கதவுக்கு நிலைப்படி இல்லை. அவள் வீட்டில் அவன் எத்தனையோ தடவை நிலைப்படியில் கால் இடறியே நின்றிருக்கிறான். தாழ்ப்பாள் என்று ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினால் கதவு எப்போதும் திறக்குமாம், தீ கீ பிடித்தால் நல்லதாம். அவள் புருஷனைக் கொல்வதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டினது போல இருந்தது.

"நானும் வர்றனே," என்றாள்.

வேங்கடேசன் சிரித்தான். "பேய் பயமா? டீலருங்க மட்டுந்தான்டி. பொண்டாட்டிய இட்டுக்கினு போனா விழுப்புரம் அப்பாதுரை இருக்கான் பாரு, சிரிச்சே சாவடிச்சிடுவான்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் பயண ஏற்பாடு தவிர வேறு பேச்சில்லை. வேங்கடேசன் புது சூட்கேஸ் வாங்கினான். இரண்டு பேண்ட் தைக்கக் கொடுத்தான். வீட்டில் இட்லியை முள்ளுக்கரண்டியால் குத்திப் பழகினான், இட்லி நழுவி மடியில் விழுந்தது. காலையில் கடலைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கப் போவதாக வறுத்த மல்லாட்டை விற்க வருகிறவனிடம்கூடச் சொன்னான். சொந்த உழைப்பில் கிடைத்த கௌரவம், சந்தோஷப்படட்டுமே என்று அவள் மனம் ஒரு பக்கம் இளகியது. மறு பக்கம் அந்த வெள்ளைத் திண்டு கண்ணுக்குள்ளேயே நின்றது. சோறு இறங்கவில்லை.

திருவக்கரைக்குப் போய் வக்கிரகாளியம்மன் முன்னால் அழுதுவிட்டு வந்தாள். எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். எலுமிச்சம்பழம் ஏழாவது மாடியில் போய் ஆளைப் பிடிக்குமா என்று வழியெல்லாம் யோசித்து, அப்படி யோசித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் மாமியார் வாக்கு. சொல்லாவிட்டால் ஏழாவது மாடி. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஹோட்டல்காரர்களிடமே பேசிவிட்டால்? புத்தகத்தின் பின்னட்டையில் போன் நம்பர் இருந்தது. ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி பஸ் ஏறித் திண்டிவனம் போஸ்டாபீசுக்குப் போனாள். அங்கே டிரங்க் கால் பதிகிற லூர்துமேரி அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கால் கிடைக்க வெகுநேரம் ஆனது. கிடைத்ததும் லூர்துமேரி ரிசீவரை அவளிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க மேடம்," என்றது இழைந்த ஆண் குரல் ஒன்று.

"எங்க வூட்டுக்காரரு அங்க தங்க வர்றாருங்க. கீழ் மாடியில ரூமு குடுப்பீங்களா?"

"கீழ ரூமே கிடையாது மேடம். நீச்சல் குளமும் ரெஸ்டாரண்டும்தான்."

"அப்ப கம்பி வெச்ச ரூமு?"

"எங்க ஹோட்டல்ல எந்த ரூமுக்கும் கம்பி இல்ல மேடம்."

காரணத்தைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு வாய்க்குப் போனால் பத்து வாய்க்குப் போகும், பதினோராவது வாய் அவன் காதில் ஓதிவிடும். "அப்படின்னா ஒரு ஒத்தாசை பண்ணுங்க. ராத்திரியில அவரு ரூமு கதவையும் அந்தக் கண்ணாடிக் கதவையும் வெளியில பூட்டி வெச்சிட்டு, விடிஞ்சதும் தொறந்துவுடுங்க."

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. "எந்தக் கம்பெனி பார்ட்டி மேடம்? சார் பேரு?"

சொன்னாள். பூட்டத்தான் கேட்கிறான் என்று நம்பி, பேர், ஊர், கம்பெனி எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"புரியுது மேடம். நம்ம ஹோட்டல்ல அந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் இடமே கிடையாது. தைரியமா அனுப்பி வைங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் லூர்துமேரி அவள் தோளைத் தட்டினாள். "எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான்டி. நான் யாரு கைலயும் சொல்ல மாட்டேன்."

எந்த மாதிரி விஷயம் என்று அப்போதுதான் அம்சாவுக்கு உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கிளியனூர் வரும்வரைக்கும் கைநகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏற்பாடு பார்க்க ஹோட்டலுக்குப் போன சின்னதுரையிடம் அவர்கள் சொல்லிச் சிரிக்க, அவன் விழுப்புரத்தில் டீலர்கள் கூடியிருந்த இடத்தில் அதை அவிழ்த்துவிட்டான். வேங்கடேசனும் அங்கே இருந்தான். அப்பாதுரை எழுந்து நின்று, பூட்டு வேண்டுமானால் தன் ஹார்டுவேர் கடையில் நல்லதாக இருக்கிறது என்றானாம்.

அன்று வெயில் தாழும் முன்பே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வேங்கடேசன் உள்ளே வந்தான். அவன் கத்துவான் என்றுதான் அம்சா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"போன் பண்ணியா?"

"பண்ணேன்."

"என்னை ரூமுல வெச்சி வெளியில பூட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"நான் எவகிட்டயாவது போவேன்னு நெனைக்கிறியா அம்சா?"

அப்படி ஒரு நினைப்பு கனவிலும் அவளுக்கு வந்ததில்லை. கையை ஓங்கியறியாத மனுஷன், கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. அந்தக் கேள்வியை அவன் கேட்ட விதத்தில் அவள் நெஞ்சு வெடித்தது. ஆனால் அதே கணத்தில், இது ஒரு வழி என்றும் புத்தி சொன்னது. சந்தேகக்காரி என்ற பெயரோடு அவனை நிறுத்திவிட முடியுமானால்?

"ஆமா," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "நெனைக்கிறேன். நீங்க போவக் கூடாது."

அவன் முகம் இருண்டது. "போவல. வரலன்னு சின்னதுரை கைல சொல்லிட்டுத்தான் வந்தேன். இந்தப் பேஜாருக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போவேன்?"

அம்சாவுக்கு உடம்பெல்லாம் லேசானது. பிழைத்தான்! சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

வேங்கடேசன் உள்ளறைக்குப் போய்ப் பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

"பேய் பயம், பேய் பயம்னு எத்தினி வருசமா ஏமாத்தியிருக்க! நான் எழுந்து போயிடுவேன்னுதான் முடிச்சி போட்டு வெச்சிருந்திருக்க. நாயி மாதிரி. இனிமே உன் பக்கத்துல படுக்கறதில்ல. மேல படுத்துக்கறேன்."

மாடிக்குப் போகிற கதவைத் திறந்து படியேறினான். கோபத்தில் இரண்டிரண்டு படியாகத் தாண்டினான்.

அம்சா நின்ற இடத்திலேயே நின்றாள். மேலே மொட்டை மாடி. வீடு கட்டிய கையோடு பணம் தீர்ந்துபோய்க் கைப்பிடிச் சுவர் எழுப்பாமல் விட்ட மாடி. தெருப்பக்கம் விளிம்புக்குக் கீழே கருங்கல் குவியல். மெட்ராஸில் இரண்டே ராத்திரி இருந்த ஆபத்தை, வாழ்நாளுக்கும் தலைக்கு மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டோமே! மாமியார் சொன்னது காதில் ஒலித்தது. திரும்பி வர மாட்டான்.

படியேறி ஓடினாள். அவன் விளிம்புக்குப் பக்கத்தில் பாயை உதறிக்கொண்டிருந்தான். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நீங்க தூக்கத்துல நடக்கறீங்க," என்றாள்.

"இன்னாது?"

"தூக்கத்துல. கண்ணு தெறந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. எங்கயோ போவணும்னு போவீங்க. ஒரு தடவ தெருக்கோடி வரைக்கும் போயிட்டீங்க. ஒரு தடவ கெணத்து மேட்டுல நின்னீங்க. சொல்லக் கூடாதுன்னு அத்தை கண்டிச்சி சொல்லிட்டாங்க. சொன்னா நீங்க..." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சொல்லிவிட்டோம், கொன்றுவிட்டோம் என்றுதான் தோன்றியது.

வேங்கடேசன் முதலில் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த பாய் நழுவியது. மெல்லத் தலையைத் திருப்பி விளிம்பைப் பார்த்தான், அதற்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தான். தினமும் துணி காயப்போடவும் தண்ணீர்த் தொட்டி பார்க்கவும் ஓடியேறி வந்து போன இடம்தான். இப்போது அதில் ஓர் அடி எடுத்துவைக்க அவனுக்குக் கால் வரவில்லை. உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி நகர்ந்து படிக்கு வந்தான். சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கினான். அம்சா முன்னால் இறங்கி, அவன் விழுந்தால் தாங்குவதற்குக் கையை விரித்துக்கொண்டே வந்தாள்.

கடைசிப் படியில் அவன் நின்றான்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்தேவா?"

அவள் தலையாட்டினாள்.

அவன் குனிந்து அவள் முந்தானை நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அப்போ இத்தினி வருசமா நீ எப்போ தூங்கின?" என்றான்.