கிடந்த இடமே கணக்கு

அந்தச் சரக்கு முனையத்தில் இரயில், லாரி, கப்பல் என மூன்று பிரிவுகள் இருந்தன. தரையில் தீட்டிய மஞ்சள் கோடுகள் அவற்றைப் பிரித்தன. எவனுக்கேனும் அடிபட்டால், பாதுகாப்பு அதிகாரி வரும்போது அவன் எந்தக் கோட்டுக்குள் இருக்கிறானோ, அந்தப் பிரிவின் தலையில் விபத்து விடியும். அடிபட்ட இடம் கணக்கில்லை. கிடந்த இடமே கணக்கு. ஆகவே அடிபட்டவனை முதலில் அண்டைப் பிரிவுக்கும், பிறகே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிச் செல்வது அங்கே வழக்கமாயிற்று.

இரயில் பிரிவின் ஃபோர்மேன் இக்கலையில் கரைகண்டவர். அவ்வாண்டு அவர் பிரிவில் விபத்தே நிகழவில்லை என்பது ஊரறிந்த பொய். அந்தப் பொய் இன்னும் சில நாள் உயிரோடிருந்தால் முனைய மேலாளரின் நாற்காலி அவருக்கே.

அன்று காலை பெட்டிகளை இணைக்கும் வேலை தாமதமாயிற்று. பெட்டிகளுக்கு நடுவே ஆள் நுழையுமுன் எஞ்சினுக்குச் சிவப்புக் கொடி காட்டவேண்டும் என்பது விதி. கொடிக்காரனோ டீ குடிக்கப் போயிருந்தான். இணைப்புத் தொழிலாளி தயங்கி நின்றான். அவன் வேறு யாருமல்லன். ஃபோர்மேனின் ஒரே மகளை மணந்தவன்.

"என்ன மாப்பிள்ளை, மறுபடியும் பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? உள்ள போங்க" என்றார் மாமனார்.

போனான். எஞ்சின் அசைந்தது. பெட்டியின் அடியில் தொங்கிய இரும்புத் தண்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே அவனது கணுக்கால் நசுங்கியது.

ஃபோர்மேன் பதறித்தான் போனார். தம் தோள் துண்டை உருவி அவன் காலை இறுகக் கட்டினார். கட்டி முடித்ததும் அவர் கண் மஞ்சள் கோட்டுக்குப் போயிற்று.

இருவர் அவனைத் தார்ப்பாயில் ஏந்தி, நின்றிருந்த லாரி ஒன்றின் பின்னால் கிடத்தினர். மீசைக்காரர் எனப்பட்ட லாரிப் பிரிவுத் தலைவர் உடனே முளைத்துவிட்டார். சென்ற மாதம் அடிபட்ட தம் ஆள் ஒருவனை ஃபோர்மேன் திருப்பி அனுப்பியதை நினைவூட்டி, வந்த வழியே எடுத்துப்போகச் சொன்னார்.

கப்பல் துறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிரேன் ஓட்டுபவன் மேலிருந்து எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இங்க ஏற்கனவே ஒருத்தன் கெடக்கான். அவனுக்கே எடம் தேடிக்கிட்டிருக்கோம். வேணும்னா மாத்திக்கலாம்."

ஃபோர்மேன் அதையும் ஒரு கணம் யோசித்தார். அவன் மண்டை உடைந்தவன் என்று தெரிந்ததும் வேண்டாமென்றார்.

"மாமா, நம்ம எடத்துலயே போட்டுடுங்க. கால் போயிடும்."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க மாப்பிள்ளை. மீசை சாப்பிடப் போற நேரந்தான்."

மீசைக்காரர் உண்ணப் போனார். மாப்பிள்ளை மீண்டும் லாரியின் பின்னால் கிடத்தப்பட்டான். அதற்குப் பிறகே அதிகாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஆள் போயிற்று. அதிகாரி பார்த்தார், லாரிப் பிரிவைக் கடிந்துகொண்டார், போனார். ஆம்புலன்ஸில் ஃபோர்மேன் மருமகனின் காதருகே குனிந்து, தாம் மேலாளரானதும் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று அவனுக்கு உண்டு என்றும், வாயைத் திறந்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்றும் பதமாக எடுத்துரைத்தார்.

காலையிலேயே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மகள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் கேட்குமுன்பே தந்தை சொல்லிவிட்டார்: லாரிப் பக்கம் வேலையில்லாமல் போய் நின்றவர், பின்னால் வந்த வண்டியைக் கவனிக்கவில்லை.

அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை கோபமாகத் திரும்பியது.

"பாத்து நடங்கன்னு அப்பா எத்தனை தடவ சொல்லியிருப்பாங்க? ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். தட்டையாகக் கிடந்த போர்வையின் கீழ்ப்பகுதியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

ஃபோர்மேன் மகளின் தலையை வருடினார்.

"திட்டாதம்மா. பாவம், வலியில இருக்காரு."