ஸ்வெட்டரைத் துவைத்தவர்

என் கணவருக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. எங்களுக்கு லாண்டரிக் கடை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார், சட்டைக் காலரைப் பார்ப்பார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தோளில் இருப்பது டீக்கறையா எண்ணெய்க்கறையா என்று என் காதில் வந்து சொல்வார். சோறு போடுவதே அந்தக் குணம்தான் என்பதால் நானும் இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், அந்நிய நாட்டு விடுதி அறையில், குழந்தையின் ஸ்வெட்டரைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போவார் என்று யார் கண்டது?

அது குழந்தையுடையதுகூட இல்லை. காப்பகத்தில் அவளை வளர்த்த ஆயாவுடையது. பழுப்பு நிறம், முழங்கையில் ஓட்டை. மூன்று வயதுப் பிள்ளையை எங்களுக்குத் தத்துக் கொடுத்தபோது, அந்த ஆயா தான் போட்டிருந்ததைக் கழற்றி அவளைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து குழந்தை அதற்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள், தூங்கினாள், என் பெரிய பெண்ணைப் பார்த்து ஒன்றிரண்டு தடவை சிரிக்கவும் செய்தாள். ஆள் சின்னது, காரம் பெரிசு என்று பெரியவள் அவளுக்கு மிளகு எனப் பெயர் வைத்தாள்.

நானும் பெரியவளும் கீழே கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது. தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து மெல்ல உருவி, பெட்டியில் கொண்டுவந்திருந்த எங்கள் கடை சோப்புத்தூளில் ஊறவைத்து, அலசி, முடி உலர்த்துகிற மெஷினைப் பிடித்துக் காயவைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

"பாத்தியா, இதுக்குள்ள இப்படி ஒரு கலர் இருந்திருக்கு" என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் மிளகு கண் திறக்காமலே கையை நீட்டி ஸ்வெட்டரை இழுத்தாள். மூக்கில் வைத்தாள். திருப்பி மறுபக்கம் வைத்தாள். கைப்பகுதி, கழுத்துப்பட்டை, அக்குள் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். எங்கேயும் ஆயா இல்லை. ஸ்வெட்டரைத் தரையில் வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தெரியும், என்ன செய்வதென்று. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள், அவ்வளவுதான்.

பால் வேண்டாம். பழம் வேண்டாம். தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்ஸியில் ஏறும்போது என் கை பட்டதும் உடம்பைக் கட்டையாக விறைத்துக்கொண்டாள். விமான நிலையத்தில் அவளைத் தூக்கி நடந்தது, கொடுக்க விருப்பமில்லாத ஆளின் வீட்டுச் சாமானைத் தூக்கிப்போகிற மாதிரி இருந்தது எனக்கு. எல்லோரும் எங்களையே பார்ப்பதாகத் தோன்றியது. சட்டப்படி அவள் என் பெண். ஆனால் அந்த வரிசையில் என் நெஞ்சு திருடியின் நெஞ்சு மாதிரிதான் அடித்துக்கொண்டது.

சோதனை செய்கிற இடத்தில் நின்ற பெண்ணுக்குக் குழந்தையின் காய்ந்த உதட்டைப் பார்த்ததுமே சந்தேகம். எங்களை நேராக அங்கிருந்த டாக்டரிடம் அனுப்பிவிட்டாள்.

டாக்டர் நல்லவர்தான். நாக்கைப் பார்த்தார், கையில் தோலைக் கிள்ளிப் பார்த்தார். இரு தரப்புக்கும் அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசினோம்.

"காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போனாளா?"

"இல்ல. டயபர் போடவும் விடல. கூட்டிட்டுப் போனாலும் உட்கார மாட்டேங்கறா."

"இவ்வளவு தூரப் பயணம். இப்படியே ஏத்திவிட நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. விமானம் கிளம்பறதுக்குள்ள தண்ணி குடிச்சு, ஒண்ணுக்கும் போயிட்டான்னா தாராளமாப் போங்க. இல்லன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும். காப்பகத்துக்கும் சொல்லியாகணும்."

நானே காப்பகத்துக்குப் போன் செய்தேன். அங்கிருந்த தலைவி அமைதியாகக் கேட்டுக்கொண்டாள். "இங்கயே கூட்டிட்டு வந்துடுங்க. உடம்பு தேறட்டும். பிறகு பாத்துக்கலாம்" என்றாள்.

இந்தப் 'பிறகு' எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக ஒவ்வொரு அலுவலகத்திலும் அதைத்தான் கேட்டோம். எங்கள் விடுதியிலேயே ஒரு தம்பதி இருந்தார்கள். காய்ச்சல் என்று காப்பகத்து ஆட்கள் அவர்கள் பையனைத் திருப்பி அழைத்துப்போனார்கள். காய்ச்சல் என்றைக்கோ விட்டுவிட்டது. அந்த மனுஷி இன்னும் வரவேற்பறைச் சோபாவில் ஒரு பொம்மைக் காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன்.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு நீளமான தாழ்வாரம். நாற்காலிகள் ஒன்றோடொன்று பிணைத்தவை. மிளகை அதில் உட்காரவைத்து ஆளாளுக்கு முயற்சி செய்தோம். பெரியவள் பாட்டிலில் கொடுத்துப் பார்த்தாள், ஸ்ட்ரா போட்டுப் பார்த்தாள், காப்பகத்தில் கற்றுக்கொண்ட இரண்டு மூன்று வார்த்தைகளை எல்லாம் சொல்லிப் பார்த்தாள். நான் ஸ்பூனில் கொடுத்தேன், ஈரத்துணியால் உதட்டைத் தொட்டேன். இவர் மண்டியிட்டு யானை மாதிரி தும்பிக்கை ஆட்டினார், தன் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். போகிற வருகிற ஆட்கள் சிரித்தார்கள். மிளகு சிரிக்கவில்லை. அந்த ஸ்வெட்டரை அவர் திரும்பத் திரும்ப அவள் மடியில் வைக்க, அவள் திரும்பத் திரும்பக் கீழே தள்ளினாள்.

எங்கள் விமானத்துக்கு முதல் அழைப்பு வந்துவிட்டது.

"அம்மா, இவளுக்கு நம்மள பிடிக்கலயாம்மா?" என்றாள் பெரியவள்.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும்மா" என்றார் இவர். குனிந்து தரையில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்தார். எடுத்தவர், ஒட்டியிருந்த தூசியைக் கையால் தட்டினார். தட்டிவிட்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஸ்வெட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"உங்கள யாரு இதத் துவைக்கச் சொன்னா? யாரு சொன்னா? உலகத்துல இருக்கற அழுக்கையெல்லாம் நீங்கதான் எடுக்கணுமா? அது அழுக்கா? அவளுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதானே!"

"சுத்தமா இருக்கட்டுமேன்னுதாம்மா…"

"சுத்தம்! உங்க சுத்தத்துல தீய வைக்க! இப்ப இவள திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க, கேட்டுச்சா உங்களுக்கு?"

சொல்லிக்கொண்டே ஸ்வெட்டரால் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் செய்யாத வேலை. தாழ்வாரத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பெரியவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் ஓவென்று அழுதேன். எனக்கு வெட்கம்கூடத் தோன்றவில்லை.

அழுகைக்கு நடுவே பார்த்தேன், மிளகு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு என் கையிலிருந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள். பிறகு அவரை.

எனக்குச் சட்டென்று புரிந்தது. நாங்கள் எல்லோரும் காலையிலிருந்து அவளைச் சிரிக்கவைக்கத்தான் பாடுபட்டோம். அவளுக்கு நடந்தது அநியாயம் என்று ஒருத்தரும் அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். ஸ்வெட்டரை மூக்கில் வைத்து முகர்ந்து, இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன். விரலை அவர் பக்கம் நீட்டினேன். "இவர்தான். இவர்தான் பண்ணினார்" என்றேன். தமிழில்தான் சொன்னேன்.

மிளகு நாற்காலியிலிருந்து இறங்கினாள். நேராக அவரிடம் போனாள். தரையில் உட்கார்ந்திருந்தவரின் நெஞ்சில் அந்தக் குட்டிக் கையால் ஒன்று வைத்தாள். இன்னொன்று. அப்புறம் இரண்டு கையாலும், ஏதேதோ சொல்லிக்கொண்டு, காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டு, மாறி மாறி அடித்தாள். கன்னத்தில் விழுந்தது, காதில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ப் பெரியவள் காலடியில் விழுந்தது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை.

"அடிம்மா. நல்லா அடி. அப்பா பண்ணினது தப்புதான்" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

கை ஓய்ந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் கண்ணீரும் சளியும். பெரியவள் பாட்டிலை நீட்டினாள். மிளகு வாங்கினாள், அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. இவர் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். நான் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டார்.

குடித்துவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். நாற்காலிக்குத் திரும்பியிருந்த என்னிடம் வந்து, மடியில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த நிமிஷம் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இரண்டாவது அழைப்பு வந்தது. பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தோம். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டார். நான் பாட்டிலைக் காட்டினேன். "இன்னொண்ணு?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்றார் இவர், கிசுகிசுவென்று.

"தொட்டீங்கன்னா பாருங்க."

என் கால் மரத்துப்போனது. அசையப் பயந்து மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். பெரியவள் விரல்களைப் பின்னிக்கொண்டு மிளகின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் ஜன்னலில் எங்கள் விமானத்துக்குள் சாமான் ஏற்றுவது தெரிந்தது.

அப்போதுதான் என் தொடையில் கதகதவென்று பரவியது. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு முழங்கால் வரை இறங்கி, செருப்பில் சொட்டியது.

"ஏங்க!" என்று நான் கத்தியது தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை கேட்டிருக்கும். "டாக்டரக் கூப்பிடுங்க! போயிட்டா! என் மேலயே போயிட்டா!"

டாக்டர் வந்து என் உடுப்பைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே நின்ற நிலையில் கையெழுத்துப் போட்டார்.

"பையில மாத்துத்துணி இருக்கு, மாத்திக்கறியா?" என்றார் இவர், நடந்துகொண்டே. குரலில் பயம்.

"வேண்டாம். இப்படியே வரேன்."

ஈரத்தோடுதான் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு கோட்டுக்காரர் முகத்தைச் சுளித்துத் தள்ளி நின்றார். நிற்கட்டும். விமானக் கதவுக்குப் பக்கத்தில் போனபோது மிளகு விழித்துக்கொண்டாள். என் தோள்மேலாக எட்டி, பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வருகிறவரைப் பார்த்தாள். கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. என் இடுப்போரமாகக் காலை நீட்டி அவரை நோக்கி ஒரு உதை விட்டாள். எட்டவில்லை. மறுபடியும் விட்டாள்.

அவர் பைகளைக் கீழே வைக்காமல், எட்டுகிற தூரத்துக்கு வந்து நின்றார்.