பன்னிரண்டு வயது முருகன்

கௌரிசங்கர் குறும்பதிவுத் தளத்தில் தம் பெயரால் ஒரு சொல்லும் எழுதியதில்லை. கணக்கு மேலகரம் வயற்கரை முருகன் பெயரில் இருந்தது. வீரகேரளம்புதூருக்கு வேலைக்குச் செல்லும் பேருந்தில் அமர்ந்து அப்பெருமான்மீது பிள்ளைத்தமிழ் பாடிவந்தார். முருகனைக் குழந்தையாக்கித் தாம் தாயாகி நின்று, காப்பு முதல் சிறுதேர் வரை நூறு பாட்டு. எழுதியதை அன்றே தளத்தில் இட்டுவிடுவார். வேறு படி எடுத்துவைக்கவில்லை. சாத்தப்போகும் மாலையில் பாதியைக் கிள்ளி வீட்டில் வைத்துக்கொள்வதா என்பது அவர் எண்ணம்.

நீண்ட பாட்டைத் தளம் ஏற்காது. அளவு மிகுந்தால் சிவப்பு காட்டும். ஆகவே ஒவ்வொரு விருத்தத்தையும் மூன்று துண்டாக்கி இட்டார். சந்தம் பாயும் இடத்தில் கத்தி வைப்பது போலிருந்தது. பொறுத்துக்கொண்டார்.

நூறாம் பாட்டு நிறைந்த வாரம் தளம் பிறந்தநாள் கேட்டது. முருகனின் கணக்கில் தம் பிறந்தநாளைத் தருவது பொய்யல்லவா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த நாளைத் தந்தார். உடனே கணக்கு பூட்டிக்கொண்டது. உரிமையாளர் பதின்மூன்று வயது நிரம்பாத குழந்தை. பெற்றோர் ஒப்புதல் பத்து நாளுக்குள் வாராவிடில் அனைத்தும் அழிக்கப்படும் என்றது அறிவிப்பு.

வைகாசி விசாகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று குற்றாலத்தில் அரங்கேற்றம். அழைப்பிதழும் கொடுத்தாயிற்று.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு நான்கு நாளில் ஐந்து மின்னஞ்சல் எழுதினார். முதல் நான்குக்கும் ஒரே விடை. அடியில், இம்மடலுக்குப் பதில் எழுத வேண்டாம் என்ற குறிப்பு. ஐந்தாவதில், முருகன் என்றும் இளையோன் ஆயினும் காலத்துக்கு முற்பட்டவன் என்று விரித்துரைத்தார். குழந்தையின் வயதை உறுதிசெய்தமைக்கு நன்றி என்று விடை வந்தது.

மேலகரத்தில் இ-சேவைக் கடை நடத்தும் முகம்மது சலீமிடம் போய் நின்றார். சலீம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, தகப்பன் என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதி ஆதாரை இணைத்துவிடலாம் என்றான். சிவபெருமான் இருக்கவேண்டிய இடத்தில் தம் பெயரா என்று கௌரிசங்கர் பதறினார்.

"அண்ணாச்சி, நூறு பாட்டுல தாலாட்டி, நிலாவக் காட்டிக் கூப்பிட்டு, தேர் ஓட்டச் சொல்லிருக்கிய. இவ்வளவும் செஞ்சிட்டு, பிள்ளை யாருதுன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்கியளே."

ஒப்பமிட்டார்.

மறுநாட்காலை மின்னஞ்சல் வந்தது. ஒப்புதல் ஏற்கப்பட்டது, கணக்கு திறக்கப்பட்டது, குழந்தையின் பாதுகாப்புக் கருதி இதுவரை இட்ட பதிவுகள் அனைத்தும் நீக்கப்பட்டன. திறந்து பார்த்தார். முருகன் படம் இருந்தது. கீழே வெறுமை.

மறுபடி கடைக்கு ஓடினார். சலீம் விடாமல் அவருடைய மின்னஞ்சலைத் துழாவினான். அவர் ஒருபோதும் திறவாத விளம்பரப் பகுதியில், கடன் அட்டைக்கும் பட்டுச்சேலைத் தள்ளுபடிக்கும் இடையே, நூறு மடல்கள் கிடந்தன. 'மங்களேஸ்வரி உங்கள் பதிவை விரும்பினார்' என்று ஒவ்வொன்றிலும் இருந்தது. அடியில் அந்தந்தப் பாட்டின் முதல் துண்டு. மற்ற இரண்டு துண்டுகளும் எதிலும் இல்லை.

மங்களேஸ்வரி அவர் மனைவி. நூறு பாட்டையும் விரும்பியவள் மிச்சத்தில் பாதியாவது சொல்லமாட்டாளா? அச்சடித்த தாள்களோடு நேரே அடுப்படிக்குப் போனார். முதற்பாட்டின் முதல் துண்டை வாசித்துக்காட்டி, அடுத்து என்ன வரும் என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்க போட்டதும் போன் சத்தம் குடுக்கும். மொதத் துண்டுல இதயத்த அமுக்கிட்டு வேலையப் பாக்கப் போயிருவேன்."

"நூறுமா?"

"நூறுந்தான். ஒண்ணு விட்டிருந்தா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பியள்லா."

அவர் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத்தாளில் முதல் துண்டை எழுதி, கீழே இரண்டு துண்டுக்கு இடம் விட்டார். நெடுநேரம் எழுதுகோல் அசையவில்லை. பிறகு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு வரியும் வர வர அவள் காதால் கேட்டாக வேண்டும் என்றார்.

"குழம்பு கொதிக்கி. இறக்கிட்டு வாரேன்," என்றாள்.

விசாகத்துக்கு ஏழு நாள் இருந்தது.